லண்டன் சிட்டி ரோடு வெஸ்லி ஆலயம்: 1778இல் கட்டியதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது?

செங்கற்சூளை:

லண்டன் சிட்டி ரோட்டில் இருக்கும் வெஸ்லி ஆலயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும், மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சிலையையும் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டையும் பின்புறக் கல்லறையையும் பார்க்கிறார்கள். ஆலயத்துக்குள் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த உள்கூடத்தைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

முதலில் வரலாறு. வெஸ்லியின் கூட்டத்தார் லண்டனில் முதலில் கூடியது ஒரு பழைய பீரங்கி வார்ப்பாலையில். மூர்ஃபீல்ட்ஸ் பக்கம் இருந்த அந்த வார்ப்பாலை 1716இல் நடந்த வெடிவிபத்தில் சேதமடைந்து, பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1739இல் வெஸ்லி அதை எடுத்துச் செப்பனிட்டு, பிரசங்கக் கூடமாகவும் ஏழைகளுக்கான மருந்தகமாகவும் பள்ளியாகவும் நடத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் அந்த இடம் தாங்கியது. பிறகு புது இடம் தேடவேண்டி வந்தது. 1776 ஆகஸ்டில் முதல் நன்கொடைக் கூட்டம் நடந்தது. அதிலும் அடுத்த இரண்டு கூட்டங்களிலுமாக ஆயிரம் பவுனுக்கு மேல் வாக்களிக்கப்பட்டதாக வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வேலைக்காரர்களும் சிறு கடைக்காரர்களும் நிறைந்த சபைக்கு அது பெரிய தொகை.

1777 ஏப்ரல் 21 அன்று, நல்ல மழையில், அடிக்கல் நாட்டினார். 1778 நவம்பர் 1 அன்று ஆலயம் திறக்கப்பட்டது. வரைபடம் இளைய ஜார்ஜ் டான்ஸுடையது. லண்டன் மாநகராட்சியின் கட்டட அதிகாரியாக இருந்தவர், நியூகேட் சிறையை வடிவமைத்தவரும் அவரே. கட்டிக்கொடுத்தவர் சபையைச் சேர்ந்த சாமுவேல் டூத். திறப்பு நாளில் வெஸ்லி எழுதிய குறிப்பின் சாரம் இது: கட்டடம் முற்றிலும் துப்புரவாக இருக்கிறது, ஆனால் ஆடம்பரம் இல்லை, பழைய வார்ப்பாலையைவிட மிக அதிகமான பேரைக் கொள்கிறது.

என் வாதம் இதுதான். இந்தக் கட்டடம் காதுக்காகக் கட்டப்பட்டது. மூன்று பக்கமும் மேல்மாடம், தட்டையான சாந்துக் கூரை, நடுவே சுமார் 15 அடி உயரத்துக்கு மூன்றடுக்குப் பிரசங்க பீடம். மேல்மாடத்தில் இருப்பவனும் கீழே இருப்பவனும் போதகரின் முகத்தைப் பார்க்கவேண்டும், சொல்லைத் தெளிவாகக் கேட்கவேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள் இதன் மேல் அழகை ஏற்றினார்கள். 1864இல் மேல்மாடத்தின் முன்தடுப்பைத் தாழ்த்தி, இருக்கைகளைச் சரிவாக அமைத்தார்கள். 1879இல் தீ விபத்து. அதன் பிறகு கூரையைப் பழைய மாதிரியிலேயே திரும்பச் செய்தார்கள். 1891இல், வெஸ்லி இறந்த நூற்றாண்டையொட்டி, தூண்களையே மாற்றினார்கள். வண்ணக் கண்ணாடி வந்தது, ஆர்கன் வந்தது, பீடத்தின் உயரம் குறைந்தது. இன்று உள்ளே போனால் முதலில் கண் நிறைகிறது. அது 1778இன் நோக்கத்துக்கு எதிரானது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:

நல்ல தொடக்கம் ஐயா. தூண்களை மாற்றினார்கள் என்கிறீர்களே, முதலில் இருந்தவை எப்படிப்பட்டவை? கல்லா, மரமா?

செங்கற்சூளை:

மரம். கப்பலின் பாய்மரங்கள். டெப்ட்ஃபோர்டு கடற்படைத் துறையிலிருந்து மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்தவை என்று ஆலயத்தார் சொல்கிறார்கள். அவற்றில் சில பகுதிகளை முகப்பு மண்டபத்தில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1891இல் அவற்றின் இடத்தில் நிறுத்தியவை பிரெஞ்சு ஜாஸ்பர் கல்தூண்கள்.

உத்திரமும்விட்டமும்:

நான் கட்டுமானப் பொறியாளன். பழைய மரக்கூரைகளைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன். பாய்மரம் என்றதும் பலருக்கு அது ஒரு விசித்திரக் கதையாகத்தான் தோன்றும். தொழில் தெரிந்தவனுக்கு அது மிகச் சரியான தேர்வு.

மேல்மாடத்தைத் தாங்கும் தூண் எவ்வளவு மெலிந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் பார்வையை அது மறைக்கக்கூடாது. வார்ப்பிரும்புத் தூண்கள் இங்கிலாந்துக் கோயில்களில் பரவலாக வருவதற்கு முந்தைய காலம் அது. செங்கல்லில் தூண் எழுப்பினால் தடித்துப்போகும். சாதாரண மரத்தில் கணுவும் முறுக்கும் இருக்கும், பாரம் ஏறினால் ஒரு பக்கம் வளையும். பாய்மரத்துக்கென்று தேர்ந்தெடுக்கும் மரமோ நேராக வளர்ந்தது, கணு குறைந்தது, இழை ஒரே சீராக ஓடுவது. கடலில் காற்று கொடுக்கும் வளைவையே தாங்கவேண்டிய மரம், இங்கே நிமிர்ந்து நின்று மேலிருந்து வரும் பாரத்தை மட்டும் தாங்கினால் போதும். லண்டனில் அப்படிப்பட்ட மரம் ஆயத்தமாகக் கிடைக்கும் இடம் கப்பல்துறைதான்.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவ்வளவு அகலக் கூடத்தின் நடுவில் தூணே இல்லாமல் தட்டையான கூரை தொங்குகிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் சாந்துப் பலகை. அதற்கு மேலே கூரைச் சட்டகம்தான் முழுப் பாரத்தையும் வெளிச்சுவர்களுக்குக் கொண்டுபோகிறது. குவிமாடம் போட்டிருந்தால் குரல் மேலே போய்ச் சுழன்று தாமதமாகத் திரும்பும், சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தட்டைக் கூரை குரலை உடனே கீழே தள்ளுகிறது. பீடத்தை 15 அடிக்கு உயர்த்தியதற்கும் இதே காரணம். பேசுபவரின் வாய் மேல்மாடத்தின் மட்டத்துக்கு வந்துவிட்டால் கீழே, மேலே இரண்டு பக்கமும் நேர்க்கோட்டில் குரல் போகும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இதுதான் ஒலிபெருக்கி.

ஆகவே செங்கற்சூளை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1891 வேலையை வெறும் அலங்காரமாகத் தள்ளமுடியாது. அப்போது அஸ்திவாரத்தையும் பலப்படுத்தினார்கள். நூறு ஆண்டு நின்ற மரத்தூணின் அடிப்பாகத்தில் ஈரம் ஏறியிருந்தால் அதன் மேல் மக்களை உட்காரவைக்க எந்தப் பொறியாளனும் துணியமாட்டான்.

பருத்தித்துறை:

நான் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவன். இந்த இழையைப் பார்த்ததில் பெரும் மகிழ்ச்சி. ஆனால் 'காதுக்கான கட்டடம்' என்பதோடு என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை.

பழைய வார்ப்பாலை பிரசங்கக் கூடம். சிட்டி ரோடு அதைவிட மேலானது. வெஸ்லி கடைசிவரை இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவராகவே இருந்தவர். தமது மக்கள் தங்கள் பங்குக் கோயிலில் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) எடுக்கவேண்டும் என்றே அவர் விரும்பினார். லண்டன் மெதடிஸ்தர்கள் திருவிருந்துக்காக 1743 முதல் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் இருந்த, ஹூகனோக்கள் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகளின் பழைய ஆலயத்தைப் பயன்படுத்தினார்கள். சிட்டி ரோடு கட்டியபோது பிரசங்கமும் திருவிருந்தும் ஒரே கூரையின் கீழ் வந்தன. பீடத்துக்குப் பின்னால், சுவர் வளைந்து உள்வாங்கும் இடத்தில் திருவிருந்து மேசை. பீடம் முன்னால், மேசை பின்னால். முதலில் வசனத்தைக் கேட்டு, பிறகு மேசைக்கு நடந்து போகும் ஒழுங்கு அந்த அமைப்பிலேயே இருக்கிறது. ஆக, காதுக்கும் முழங்காலுக்கும் சேர்த்துக் கட்டியது என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது, ஜாஸ்பர் தூண்கள். அவற்றைக் கொடுத்தவர்கள் யார் என்று செங்கற்சூளை எழுதவில்லை. கடல்கடந்த நாடுகளின் மெதடிஸ்த சபைகள். 1778இல் இது ஒரு லண்டன் சபையின் கூடம். 1891இல் அதன் மேல்மாடம் வெளிநாட்டுப் பிள்ளைகள் கொடுத்த தூண்களில் நிற்கிறது. தாய்வீட்டுக்குப் பிள்ளைகள் கொண்டுவந்த சீர் அது. அதை அலங்காரம் என்று எப்படித் தள்ளுவது?

செங்கற்சூளை:

தாய்வீட்டுச் சீர் என்றது மனத்தைத் தொட்டது. ஆனாலும் பதில் சொல்லியாகவேண்டும்.

வெஸ்லி கட்டடங்களைப் பற்றிச் சும்மா இருந்தவர் அல்ல. தமது பிரசங்கிகளுக்குக் கொடுத்த ஒழுங்குவிதிகளில் வெளிப்படையாகச் சொல்கிறார்: கூடங்களை எளிமையாகவும் ஒழுங்காகவும் கட்டுங்கள், தவிர்க்கவே முடியாத செலவுக்கு மேல் ஒரு காசும் போடாதீர்கள். காரணமும் சொல்கிறார். செலவு கூடினால் பணக்காரர்கள் நமக்குத் தேவைப்படுவார்கள். தேவைப்பட்டால் அவர்களைச் சார்ந்திருப்போம். சார்ந்திருந்தால் அவர்கள் நம்மை ஆளுவார்கள். அதோடு மெதடிஸ்ட் ஒழுக்கத்துக்கு விடை கொடுக்கவேண்டியதுதான். கட்டடக் கலையைப் பற்றி இவ்வளவு கூர்மையான அரசியல் வாக்கியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எளிமை அவருக்கு ரசனைக்குரிய விஷயம் மட்டும் அல்ல, சபையை யார் ஆள்வது என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.

இது வெறும் ஏட்டளவில் நின்ற விதியும் அல்ல. 1787இல் இதே சிட்டி ரோடு ஆலயத்தின் நிர்வாகக் குழு, அவரைக் கேட்காமலே இரண்டு முடிவுகள் எடுத்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்காரலாம், குடும்பத்துக்குக் குடும்பம் தனி இருக்கை வைத்துக்கொள்ளலாம் என்று. ஐம்பது ஆண்டுகளாகத் தாம் நிலைநாட்டிய ஒழுங்கை ஒரே அடியில் கவிழ்த்துவிட்டார்களே என்று வெஸ்லி நாட்குறிப்பில் வேதனைப்படுகிறார். மறுபடி கூட்டிப் பேசி, அந்த முடிவுகளைத் திரும்பப் பெறவைத்தார். அப்போது அவருக்கு வயது 84. தனி இருக்கை வந்தால் காசுள்ளவன் முன்னால் உட்காருவான், ஏழை பின்னால் போவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாய்மரம் நிற்கவேண்டிய இடத்தில் ஜாஸ்பர் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த 1787 சண்டைதான் நினைவுக்கு வருகிறது.

மணிக்கூண்டடி:

ஆண்களும் பெண்களும் தனித்தனியே உட்காரும் வழக்கம் நம்மூர்க் கிராம ஆலயங்களில் இன்றும் இருக்கிறதே. அது நம் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பருத்தித்துறை:

நம் சமூகத்திலும் இருந்தது, வந்தவர்களிடமும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டன.

தெற்குவாசல்:

வெஸ்லிக்குப் பிடித்த வடிவம் எண்கோணம் என்று படித்திருக்கிறேன். சிட்டி ரோடு ஏன் எண்கோணமாக இல்லை?

உத்திரமும்விட்டமும்:

1757இல் நார்விச்சில் இருந்த எண்கோண ஆலயத்தைப் பார்த்து வெஸ்லி வியந்தார். அது மெதடிஸ்டுகளுடையது அல்ல, வேறு பிரிவாருடையது. அதன் பிறகு ராதர்ஹாம், யார்ம், ஹெப்டன்ஸ்டால் என்று மெதடிஸ்டுகளும் எண்கோணமாகக் கட்டினார்கள். இடம் அனுமதித்தால் எண்கோணமே நல்லது என்று விதியிலும் எழுதினார்கள். காரணம் மறுபடியும் குரல்தான். எட்டுப் பக்கத்தில் எல்லோரும் பேசுபவருக்கு ஏறக்குறைய சம தூரத்தில் இருப்பார்கள். ஆனால் அந்த விதியிலேயே 'இடம் அனுமதித்தால்' என்று இருக்கிறது. நகரத்தில் குத்தகைக்கு எடுக்கும் மனை பெரும்பாலும் நீள்சதுரம்தான். எண்கோணத்தைப் பெரிதாக்குவதும் கடினம். ஒரு பக்கத்தை நீட்டினால் வடிவம் போய்விடும், கூரையும் சிக்கலாகும். பருத்தித்துறை சொன்ன திருவிருந்து மேசைக்கும் ஒரு தனி மூலை வேண்டும்.

செங்கற்சூளை:

எளிமை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்கவேண்டுமானால் பிரிஸ்டலில் இருக்கும் 'நியூ ரூம்' போகவேண்டும். உலகில் இன்று நிற்கும் மெதடிஸ்ட் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். 1739இல் தொடங்கி 1748இல் விரிவாக்கியது. இன்று சுற்றிலும் பிராட்மீட் கடைவீதி; நடுவில் இந்தக் கூடம்.

உள்ளே போனதும் கவனிக்கவேண்டியது வெளிச்சம் வரும் வழி. கூரையின் நடுவே எண்கோணக் கூண்டு ஒன்று மேலெழும்பி நிற்கிறது. அதன் கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் மேலிருந்து இறங்குகிறது. தரைமட்டத்தில் தெருவைப் பார்க்கும் ஜன்னல் இல்லை. அந்த ஆண்டுகளில் மெதடிஸ்ட் கூட்டங்களின் மேல் கல்லெறிவது அங்கங்கே நடந்துகொண்டிருந்தது. பிரசங்க பீடம் இரண்டடுக்கு. மேலடுக்குக்கு மாடியிலிருந்துதான் வரமுடியும், கீழேயிருந்து நேராக ஏறமுடியாது. கூட்டத்துக்குள் கலகக்காரர்கள் புகுந்தாலும் பேசுபவரைச் சட்டென்று எட்டமுடியாது.

மாடியில் என்ன இருக்கிறது தெரியுமா? ஊர் ஊராகக் குதிரையில் சுற்றும் பிரசங்கிகள் தங்கும் சிறு அறைகள். எல்லாம் ஒரு பொது அறையைச் சுற்றி. அங்கிருந்து உள்ஜன்னல் வழியாகக் கூடத்தைப் பார்க்கலாம். கீழே கூடம், மேலே வீடு, நடுவில் வெளிச்சக் கூண்டு. இந்தக் கூடத்தின் கடனை அடைக்கத்தான் 1742இல் வாரம் ஒரு பென்னி வசூலிக்கும் ஏற்பாடு வந்தது. ஒருவர் பன்னிரண்டு பேரிடம் வசூலிக்கவேண்டும். வசூலிக்கப் போனவர்கள் வீட்டுநிலையும் அறிந்துவந்து சொல்ல, அதிலிருந்து சிறு குழுக்களாகக் கூடும் 'வகுப்புக் கூட்டம்' என்ற அமைப்பே பிறந்தது. கட்டடத்தின் கடன் ஒரு சபையின் உருவத்தையே மாற்றியது!

1808இல் அது வேல்ஸ் கால்வினிய மெதடிஸ்டுகள் என்ற வேறொரு பிரிவாரின் கைக்குப் போனது. 1929இல் திரும்ப வாங்கினார்கள். ஜார்ஜ் ஓட்லி என்ற கட்டடக் கலைஞர் பொறுப்பாகச் செப்பனிட்டார். நூறு ஆண்டுக்கு மேல் பெரிய பணம் அந்தப் பக்கம் போகாததால்தான் அது பிழைத்தது என்பது என் கருத்து. சிட்டி ரோடு புகழ்பெற்றது, ஆகவே மாறியது.

லண்டன்வாசி_தமிழ்:

அண்ணா, நான் சிட்டி ரோடு ஆலயத்துக்கு ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவள். நீங்கள் எழுதுவதைப் படித்தால் அது ஓர் இழப்பின் அடையாளம் போலத் தோன்றுகிறது. அங்கே உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கு அப்படித் தோன்றாது.

சபையில் ஆப்பிரிக்கர்கள், கரீபியத் தீவினர், ஆசியர்கள், ஆங்கிலேயர்கள் எல்லோரும் இருக்கிறோம். மேல்மாடத்தின் முன்தடுப்பில் வரிசையாக ஒரு முத்திரை செதுக்கியிருக்கிறது: ஒலிவக் கிளையோடு ஒரு புறா, அதைச் சுற்றித் தன் வாலைத் தொடும் பாம்பு. சர்ப்பங்களைப் போல விவேகமும் புறாக்களைப் போலக் கபடின்மையும் வேண்டும் என்ற வேதவசனம் அது. வெஸ்லி காலத்து வடிவம் என்று சொல்வார்கள். பீடம் குறைந்திருந்தாலும் அவர் நின்று பேசிய பீடம்தான். பக்கத்துச் சிற்றாலயத்தில் பழைய வார்ப்பாலையிலிருந்து கொண்டுவந்த பெஞ்சுகள் இருக்கின்றன. பலகையும் காலும் தவிர ஒன்றுமில்லை. சார்ல்ஸ் வெஸ்லியின் சிறிய ஆர்கனும் அங்கேதான். செங்கற்சூளை அண்ணா தேடும் எளிமை அந்தச் சிற்றறையில் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1970களில் இந்தக் கட்டடம் இடிந்துவிடும் நிலைக்கு வந்தது. உலகம் முழுவதும் இருந்த மெதடிஸ்டுகள் பணம் அனுப்பினார்கள். செப்பனிட்டு, 1978 நவம்பர் 1 அன்று, திறந்து சரியாக 200 ஆண்டு ஆன நாளில், எலிசபெத் அரசியார் முன்னிலையில் மறுபடி திறந்தார்கள். அந்தக் கட்டடம் 1778இல் உறைந்திருந்தால் அவ்வளவு பேர் தங்களுடையது என்று நினைத்திருப்பார்களா?

உத்திரமும்விட்டமும்:

அந்த 1970கள் வேலையின் நல்ல பக்கம், முந்தைய காலங்களின் அடுக்குகளைக் கழற்றி எறியாமல் விட்டது. பழையதாக்குகிறோம் என்று ஜாஸ்பரைப் பிடுங்கிவிட்டுப் புது மரத்தூண் நட்டிருந்தால், 1891ஐயும் இழந்திருப்போம், 1778ஐயும் பெற்றிருக்கமாட்டோம்.

செங்கற்சூளை:

பிடுங்கவேண்டும் என்று நானும் கேட்கமாட்டேன். மரத்தூண்கள் போனது போனதுதான். ஆனால் உள்ளே நுழைபவருக்கு அந்தத் துண்டுகளைக் காட்டி, 'இவைதான் இந்தக் கூடத்தைத் தாங்கியவை' என்று முதலில் சொல்லவேண்டும். கல்தூண்களின் கதை அதற்குப் பிறகு வரட்டும். வாசலில் அவற்றைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்களே அதிகம், எனக்கு அதுதான் வருத்தம்.

மணிக்கூண்டடி:

நம் பக்கத்துக்கு இந்தக் கட்டட வடிவம் எப்படி வந்தது? யாராவது எழுதுங்கள்.

பருத்தித்துறை:

வெஸ்லியின் வலக்கையாக இருந்தவர் தாமஸ் கோக். அவர் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறினார். 1814 மே 3 அன்று நடுக்கடலில் இறந்துபோனார். தலைவர் இல்லாமல் மற்றவர்கள் ஜூன் 29 அன்று இலங்கையின் காலி நகரில் இறங்கினார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். ஆல்ட் மட்டக்களப்புக்குப் போனார், அடுத்த ஆண்டே அங்கே இறந்தார். கிளவ் காலியிலும் எர்ஸ்கின் மாத்தறையிலும் பணி தொடங்கினார்கள். ஹார்வர்டு சற்றுப் பின்னால் வந்தவர். கொழும்புப் புறக்கோட்டையில் 1816 டிசம்பர் 22 அன்று அவர்கள் திறந்த ஆலயம் ஆசியாவின் முதல் மெதடிஸ்த ஆலயம் எனப்படுகிறது. ஹார்வர்டு முன்னின்று கட்டியது. அதற்கு முன்மாதிரி சிட்டி ரோடு அல்ல, லிவர்பூலில் இருந்த பிரன்ஸ்விக் ஆலயம். அரைவட்டக் கூத்தரங்கைப் போல இருக்கைகள் படிப்படியாக உயர்ந்து பீடத்தை நோக்கும் அமைப்பு. அங்கேயும் முதல் கேள்வி குரல் எட்டுமா என்பதுதான். இந்த ஓர் இடத்தில் செங்கற்சூளையின் பக்கம் நிற்கிறேன். லிஞ்ச் 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போனார். தமிழ்நாட்டு வெஸ்லியன் சபைகளின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

தெற்குவாசல்:

அடுத்த மாதம் லண்டன் போகிறேன். அரைநாள் மட்டும் கிடைக்கும். எதை விடாமல் பார்க்கவேண்டும்?

லண்டன்வாசி_தமிழ்:

ஓல்ட் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். முதலில் ஆலயத்துக்குள் போங்கள், மேல்மாடத்தில் கடைசி வரிசையில் சிறிது நேரம் உட்காருங்கள். பீடம் ஏன் அவ்வளவு உயரம் வேண்டியிருந்தது என்பது அங்கேதான் விளங்கும். நிலவறையில் அருங்காட்சியகம். பிறகு வெஸ்லியின் வீடு. 1779 முதல் பனிக்காலங்களில் அவர் தங்கியது, 1791 மார்ச் 2 அன்று இறந்ததும் அங்கேதான். படுக்கையறையை ஒட்டிய சின்ன ஜெப அறையைத் தவறவிடாதீர்கள். நோயாளிகளுக்கு வைத்தியம் செய்ய அவர் வைத்திருந்த மின்சாரக் கருவியும் அந்த வீட்டில் இருக்கிறது. கல்லறை ஆலயத்துக்குப் பின்னால், இப்போது உயரமான கண்ணாடி அலுவலகங்களின் நடுவே. கூட்டம் நெருக்கும் என்று அஞ்சி விடியுமுன் அடக்கம் செய்தார்கள். ஆறு ஏழை மனிதர்கள் தூக்கவேண்டும், ஆளுக்கு 20 ஷில்லிங் கொடுக்கவேண்டும், சவவண்டி வேண்டாம் என்று உயிலில் எழுதிவைத்திருந்தார்.

செங்கற்சூளை:

நேரம் மிஞ்சினால் சாலையைக் கடந்து எதிரே இருக்கும் பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டுக்கும் போங்கள். வெஸ்லியின் தாய் சூசன்னா 1742இல் அங்கே அடக்கமானார். எழுத்தாளர் ஜான் பன்யனும் கவிஞர் வில்லியம் பிளேக்கும் அங்கேதான். ஆலயத்தின் முகப்பு மண்டபத்தில் பாய்மரத் துண்டுகளைப் பார்த்தால், அருகே நின்று ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். அளவும் இழையும் தெரியும்படி எடுத்தால் உத்திரமும்விட்டமும் எந்த வகை மரம் என்று சொல்லக்கூடும்.

உத்திரமும்விட்டமும்:

குறுக்குவெட்டு தெரிந்தால் போதும். வளையங்கள் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தாலே அது குளிர்நாட்டில் மெதுவாக வளர்ந்த பைனா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.